பட்டெல்லா முதல் ஜெனு வரை: முழங்கால் பெயர்களைப் பிரித்துப் படிப்பது எப்படி

முழங்காலின் முன்பக்கத்தைத் தொட்டால் கையில் தட்டுப்படும் சின்ன எலும்பை நாம் முழங்கால் சில்லு என்கிறோம், சிரட்டை என்றும் சொல்வதுண்டு. மருத்துவப் புத்தகத்தில் அதன் பெயர் பட்டெல்லா. லத்தீனில் சின்னத் தட்டு என்று அர்த்தம். தேடிப் பார்த்தால் கிடைக்கிற விளக்கம் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. ஆனால் தட்டு என்று தெரிந்துகொண்ட பிறகும், ஒரு உடற்கூறியல் படத்தில் "ரெட்டினாகுலம் பட்டெல்லே மீடியாலே" என்று எழுதியிருந்தால் பழையபடி விழிக்கத்தான் வேண்டியிருக்கிறது. பட்டெல்லா எப்படி பட்டெல்லே ஆனது, மீடியல் என்று கேள்விப்பட்டது ஏன் மீடியாலே என்று நிற்கிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

நர்சிங், பிசியோதெரபி, மருத்துவம் படிப்பவர்களுக்கும், ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள், அதன் கடைசி அசையைப் பாருங்கள். லத்தீனில் பாதி அர்த்தம் சொல்லின் வாலில் இருக்கிறது. தமிழ் தெரிந்தவர்களுக்கு இது புதிய பழக்கமும் இல்லை. வீடு, வீட்டின், வீட்டுக்கு, வீட்டில் என்று வாலை மாற்றி மாற்றித்தான் நாமும் பேசுகிறோம்.

முதலில் பட்டெல்லாவையே பிரிப்போம்

பட்டினா என்றால் லத்தீனில் ஆழமில்லாத, அகலமான பாத்திரம். பட்டெரா என்றால் சடங்குகளில் மது வார்க்கப் பயன்பட்ட தட்டையான கிண்ணம். அகராதிகள் பட்டெல்லாவை இந்தக் குடும்பத்தில்தான் வைக்கின்றன. பின்னால் வருகிற "எல்லா" என்ற வால்தான் அதைச் சின்னதாக்குகிறது. நாம் சிறு, குறு என்று முன்னால் சேர்ப்பதை லத்தீன்காரர்கள் பின்னால் சேர்த்தார்கள். ரோமானிய வீடுகளில் தெய்வங்களுக்கு உணவு படைக்கிற சிறு தட்டுக்கும் பட்டெல்லா என்றே பெயர். எலும்பின் முன்பக்கம் லேசாக மேடிட்டு இருப்பதால், தட்டைக் கவிழ்த்து மூட்டின் மேல் வைத்தது மாதிரி தெரியும்.

எலும்புக்கு இந்தப் பெயரைப் பயன்படுத்தி எழுதியவர்களில் முக்கியமானவர், முதல் நூற்றாண்டில் மருத்துவத்தைப் பற்றி எட்டுப் பகுதிகளாக நூல் எழுதிய ரோமானியர் செல்சஸ். சிறியது, மென்மையானது, குருத்தெலும்பு போன்றது, இதைப் பட்டெல்லா என்கிறார்கள் என்று அவர் குறிப்பிடுகிறார். வளர்ந்தவர்களிடம் அது கெட்டியான எலும்பு. பிறந்த குழந்தையிடம் மட்டும் அது முழுக்கக் குருத்தெலும்பாகவே இருக்கும், ஏறக்குறைய 3 வயதிலிருந்து 6 வயதுக்குள்தான் எலும்பாக மாறத் தொடங்கும். குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்தால் சில்லையே காணோம் என்று தோன்றுவது இதனால்தான்.

இப்போது அந்த "எல்லா" வாலை வைத்துக்கொண்டு முழங்காலைச் சுற்றி வாருங்கள். முழங்காலுக்குப் பின்னால், கெண்டைக்கால் தசையின் வெளிப்பக்கத் தலைக்குள், சிலருக்கு ஒரு குட்டி எலும்பு இருக்கும். எல்லோருக்கும் இருப்பதில்லை. அதன் பெயர் ஃபாபெல்லா. ஃபாபா என்றால் அவரைக் குடும்பத்து விதை, எல்லா என்றால் சின்னது, ஆக சின்ன அவரை விதை. இன்னும் அரிதாக, பாப்லிட்டியஸ் என்ற தசையின் தசைநாணுக்குள் கியாமெல்லா என்று ஒன்று இருக்கலாம். கியாமோஸ் என்பது கிரேக்கத்தில் அதே மாதிரி விதைக்குப் பெயர், அதோடு லத்தீன் வாலை ஒட்டிவிட்டார்கள். மூளையின் பின்பக்கத்திலுள்ள செரிபெல்லமும் இதே அச்சுத்தான், செரிப்ரம் மூளை, செரிபெல்லம் சின்ன மூளை. பட்டெல்லா, ஃபாபெல்லா, கியாமெல்லா மூன்றும் தசைநாணுக்குள் உட்கார்ந்திருக்கிற எலும்புகள், இவற்றுக்குப் பொதுப்பெயர் செசமாய்டு. அதாவது எள்ளைப் போன்றது. உடம்பிலேயே பெரிய செசமாய்டு பட்டெல்லாதான், அளவில் எள்ளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கையிலும் காலிலும் இருக்கிற குட்டிக் குட்டி செசமாய்டுகளைப் பார்த்து வைத்த பெயர் அது.

சின்னதாக்குகிற வால் இது ஒன்றுதானா என்றால் இல்லை. "உலா", "குலா", "குலம்" எல்லாம் அதே வேலையைச் செய்யும். ரோட்டா சக்கரம், ரோட்டுலா சின்னச் சக்கரம். கிளாவிஸ் சாவி, கிளாவிகுலா சின்னச் சாவி, அதுதான் காறை எலும்பு. ஜெனு முழங்கால், ஜெனிகுலம் சின்ன முழங்கால்.

இங்கே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். கீழ்க்காலின் மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் பெயரும் "உலா" என்றுதான் முடிகிறது. அது சின்ன ஏதோ ஒன்று என்று எழுதியிருப்பதை நிறைய இடங்களில் பார்க்கலாம், அது சரியில்லை. அதன் வால் "புலா". ஒரு வேலையைச் செய்கிற கருவி என்பதைக் காட்டுகிற வால் அது. குத்திப் பொருத்துவது என்ற வினையிலிருந்து ஃபிபுலா, அதாவது ஆடையைக் குத்தி நிறுத்துகிற ஊசிக் கொக்கி. மெல்லுவது என்ற வினையிலிருந்து மான்டிபுலா, அதாவது மெல்லும் கருவி, கீழ்த்தாடை. ஆகவே கடைசி எழுத்தைப் பார்த்ததும் முடிவு கட்டாமல், அதற்கு முன்னால் எது நிற்கிறது என்று ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்.

சில்லுக்கு வேறு பெயர்களும் உண்டு

பழைய புத்தகங்களைப் படித்தால் பட்டெல்லாவுக்குப் பதில் ரோட்டுலா என்றே இருக்கும். வட்டமாக இருப்பதால் சின்னச் சக்கரம். இது வெறும் பழங்கதை இல்லை, பிரெஞ்சில் இன்றும் ரோட்யூல், ஸ்பானிஷிலும் இத்தாலியனிலும் ரோட்டுலா. இத்தாலியனில் பட்டெல்லா என்ற சொல் உருமாறி படெல்லா ஆகி, வாணலிக்குப் பெயராகிவிட்டது. பிரெஞ்சில் வாணலிக்குச் சொல்கிற ப்வால் என்பதும் அதே பட்டெல்லாவின் பேரன்தான். வேர் சமையலறைக்குப் போய்விட, எலும்புக்குச் சக்கரம் நிலைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஓய்ந்துபோய்விட்டேன் என்பதை "முழங்கால் சில்லின் மேல் நிற்கிறேன்" என்ற பொருளில் இந்த ரோட்யூலை வைத்துத்தான் சொல்வார்கள்.

கிரேக்க மருத்துவர்கள் தங்கள் பங்குக்கு எபிகோனாட்டிஸ் என்றார்கள். எபி மேலே, கோனு முழங்கால், ஆக முழங்காலின் மேலிருப்பது. எந்தப் படமும் இல்லாமல் இடத்தை மட்டும் சொல்கிற பெயர். மிலே என்றும் சொன்னார்கள், அது அரைக்கிற கல். அதை லத்தீனில் மோலா என்று மாற்றி எழுதியதும் உண்டு. தட்டு, சக்கரம், அரைகல் என்று பார்த்தவர்கள் எல்லோரும் வட்டத்தையும் தட்டையையும்தான் பார்த்திருக்கிறார்கள்.

பட்டெல்லா என்று தேடும்போது கடல் நத்தை படங்கள் வந்தால் குழம்ப வேண்டாம். பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு நத்தை வகைக்கு, ஓட்டின் வடிவத்தை வைத்து உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் 1758-இல் கொடுத்த பேரினப் பெயரும் பட்டெல்லாதான்.

பட்டெல்லே: ஆறாம் வேற்றுமையைப் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். "ஆ" என்று முடிகிற லத்தீன் பெண்பால் பெயர், ரோமன் எழுத்தில் ஏ-யும் ஈ-யும் சேர்ந்த இரட்டை எழுத்தில் முடிந்தால், அங்கே "உடைய" அல்லது "இன்" வந்திருக்கிறது. பட்டெல்லா சில்லு, பட்டெல்லே சில்லின். டிபியா கீழ்க்காலின் பெரிய எலும்பு, டிபியே அந்த எலும்பின். அந்த இரட்டை எழுத்தை ஏ என்று உச்சரிப்பவர்களும் உண்டு, ஆங்கில வழியில் ஈ என்பவர்களும் உண்டு, பழைய ரோமானிய உச்சரிப்பு ஐ-க்குப் பக்கத்தில் இருக்கும். எப்படிச் சொன்னாலும் எழுத்து ஒன்றுதான்.

பன்மைக்கும் இதே வால்தான் வரும், இரண்டு சில்லுகள் என்றாலும் பட்டெல்லே. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு முன்னால் இன்னொரு பெயர் நிற்கிறதா என்று பாருங்கள். லிகமென்டம் பட்டெல்லே என்று இருந்தால் சில்லின் லிகமென்ட். தனியாக நின்றால் பன்மையாகத்தான் இருக்கும்.

அப்புறம் வரிசையாகப் படித்துப் பாருங்கள். டியூபராசிட்டாஸ் டிபியே: டியூபர் என்றால் புடைப்பு, ஆக டிபியாவின் புடைப்பு. சில்லுக்குக் கீழே விரலை இறக்கிக்கொண்டே போனால் கெட்டியாக ஒரு மேடு தட்டுப்படும், அதுதான் இது. காண்ட்ரோமலேசியா பட்டெல்லே: காண்ட்ரோஸ் குருத்தெலும்பு, மலாகியா மென்மை, ஆக சில்லின் குருத்தெலும்பு மெத்தென்று ஆகிவிட்ட நிலை. முன்னால் இருக்கிற சொல் முழுக்கக் கிரேக்கம், பின்னால் இருப்பது லத்தீன் வேற்றுமை.

ஏபெக்ஸ் பட்டெல்லே, பேசிஸ் பட்டெல்லே என்ற இரண்டும் நிறையப் பேரைத் தடுமாற வைக்கும். ஏபெக்ஸ் என்றால் உச்சி, பேசிஸ் என்றால் அடி என்று படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் தலைகீழாக இருக்கும், ஏபெக்ஸ் கீழே, பேசிஸ் மேலே. படம் தப்பில்லை. ரோமானியப் பூசாரிகளில் ஒரு பிரிவினர் அணிந்த தொப்பியின் நுனியில் ஒரு சின்ன மரக்குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், ஏபெக்ஸ் என்பது அதற்குப் பெயர். ஆக அந்தச் சொல்லை மேல் என்று எடுத்துக்கொள்ளாமல் கூர்நுனி என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில்லு ஏறக்குறைய முக்கோணம், அதன் கூர்நுனி கீழ்நோக்கி இருக்கிறது, அகலமான பக்கம் மேலே இருக்கிறது. இதயத்தின் ஏபெக்ஸும் கீழேதான், நுரையீரலின் ஏபெக்ஸ் மேலே. எல்லாவற்றுக்கும் இந்த ஒரே விளக்கம் பொருந்தும்.

இதே இடத்தில் இன்னொரு சந்தேகமும் வரும். சிலர் லிகமென்டம் பட்டெல்லே என்கிறார்கள், சிலர் பட்டெல்லார் டென்டன் என்கிறார்கள், இரண்டும் ஒரே பட்டையைத்தான் குறிக்கின்றன. லிகமென்ட் என்பது கட்டுவது என்ற வினையிலிருந்து வந்தது, எலும்பை எலும்போடு கட்டுவது. டென்டன் என்பது இழுத்து விறைக்கச் செய்வது என்ற வினையிலிருந்து, தசையை எலும்போடு சேர்க்கிற தசைநாண். சில்லிலிருந்து டிபியாவுக்குப் போகிறது என்று பார்த்தால் லிகமென்ட். தொடைத் தசையின் தசைநாண் சில்லைத் தாண்டி டிபியா வரை தொடர்கிறது என்று பார்த்தால் டென்டன். பெயர்ப் பட்டியல்கள் முதலாவதை வைத்துக்கொண்டன, மருத்துவமனைகளில் இரண்டாவதுதான் அதிகம் காதில் விழும். செய்கிற வேலையை வைத்துப் பார்த்தால் எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது, ஆனால் தேர்வில் எழுதும்போது உங்கள் புத்தகம் எதைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள்.

எல்லாப் பெயரும் இப்படிச் சமர்த்தாக மாறாது. ஃபீமர், அதாவது தொடை எலும்பு, "இன்" சேர்ந்தால் ஃபெமோரிஸ் ஆகும். அதனால்தான் ஃபெமோரல் என்கிறோம், ஃபீமரல் என்று இல்லை. தலைக்கு காபுட், தலையின் காபிடிஸ். நான்கு தலை உள்ள தொடைத் தசை குவாட்ரிசெப்ஸ், இதில் ஒளிந்திருப்பது அந்தக் காபுட்தான், கடைசியில் "ஸ்" இருப்பதால் பன்மை என்று நினைக்க வேண்டாம், அது ஒருமை. முழங்காலின் பின்குழிக்குப் பாப்லெஸ், அதன் "இன்" வடிவம் பாப்லிடிஸ், அங்கிருந்துதான் பாப்லிட்டியல். புதிய சொல் ஒன்றைப் படிக்கும்போது அதன் "இன்" வடிவத்தையும் சேர்த்தே படித்துவிட்டால், அதிலிருந்து பிறக்கிற மற்ற சொற்கள் தானாகப் பிடிபடும்.

முழங்காலுக்கான சொல்லே இதில் பெரிய பொறி. ஜெனு முழங்கால், ஜெனுஸ் முழங்காலின். ஆர்ட்டிகுலாசியோ ஜெனுஸ் என்றால் முழங்காலின் மூட்டு. உயிரியலில் பேரினத்துக்குச் சொல்கிற ஜீனஸும் எழுத்தில் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும், ஆனால் அது வேறு சொல், அதன் "இன்" வடிவம் ஜெனெரிஸ். உடற்கூறியல் படத்தில் இதைப் பார்த்தால் இனம், வகை என்றெல்லாம் யோசிக்காமல் முழங்காலோடு நிறுத்துங்கள்.

பின்னாலிருந்து படியுங்கள்

தமிழ் வாசகர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. லத்தீன் பெயரில் முதலில் பொருள் வரும், அதற்குப் பின்னால் அது எப்படிப்பட்டது, யாருடையது என்ற விவரம் வரும். தமிழில் நேர் எதிர், விவரம் முதலில், பொருள் கடைசியில். அதனால் லத்தீன் பெயரைக் கடைசிச் சொல்லிலிருந்து முன்னோக்கிப் படித்தால் பெரும்பாலும் நேராகத் தமிழாகிவிடும்.

ஆரம்பத்தில் சொன்ன ரெட்டினாகுலம் பட்டெல்லே மீடியாலே என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மீடியாலே உட்பக்கத்து, பட்டெல்லே சில்லின், ரெட்டினாகுலம் பிடித்து நிறுத்துகிற கட்டு. உட்பக்கத்துச் சில்லின் கட்டு என்று வருகிறது. சில்லின் உட்பக்கக் கட்டு என்று லேசாகத் திருத்திக்கொண்டால் போதும். கார்பஸ் அடிபோசம் இன்ஃப்ராபட்டெல்லாரே: சில்லுக்குக் கீழே உள்ள, கொழுப்பாலான, திரள். பர்ஸா இன்ஃப்ராபட்டெல்லாரிஸ் ப்ரொஃபுண்டா: ஆழத்தில் உள்ள, சில்லுக்குக் கீழான, பை. பர்ஸா என்றால் தோல்பை, பணப்பைக்குச் சொல்கிற பர்ஸ் என்ற சொல்லும் இதே வேர்தான்.

முன்னொட்டுகளில் அதிகம் நேரம் செலவிட வேண்டாம். ப்ரீ முன்னால், சுப்ரா மேலே, இன்ஃப்ரா கீழே, ரெட்ரோ பின்னால், பெரி சுற்றிலும். இந்த ஐந்து போதும் முழங்காலுக்கு.

ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால்

மேலே இன்ஃப்ராபட்டெல்லாரே என்று ஒரு இடத்திலும் இன்ஃப்ராபட்டெல்லாரிஸ் என்று இன்னொரு இடத்திலும் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். எழுத்துப்பிழை இல்லை. கார்பஸ் அஃறிணை மாதிரி ஒன்றன்பால், அதனால் "ரே". பர்ஸா பெண்பால், அதனால் "ரிஸ்". வந்தான், வந்தாள், வந்தது என்று நாம் வினையில் காட்டுகிற வேறுபாட்டை லத்தீன் பெயரடையிலேயே காட்டும்.

இதை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் வேரஸ் என்ற சொல்லைப் பாருங்கள். இடுப்போடு சேர்கிற பகுதிக்கு காக்ஸா, பெண்பால், அதனால் காக்ஸா வேரா. முழங்கால் ஜெனு, ஒன்றன்பால், அதனால் ஜெனு வேரம். கால் பெருவிரல் ஹாலக்ஸ், ஆண்பால், அதனால் ஹாலக்ஸ் வேரஸ். ஒரே சொல், மூன்று உடை. ஜெனு வேரஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் பால் பொருந்தவில்லை என்று இனி உங்களுக்கே தெரியும்.

சரி, வேரஸ், வால்கஸ் இரண்டில் எது எது? இன்றைய வழக்கில், மூட்டுக்குக் கீழே உள்ள பகுதி உடலின் நடுக்கோட்டிலிருந்து விலகி வெளியே போனால் வால்கஸ், நடுக்கோட்டை நோக்கி உள்ளே வந்தால் வேரஸ். ஜெனு வால்கம் என்றால் நிற்கும்போது முட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும், பாதங்கள் விலகி இருக்கும். ஜெனு வேரம் என்றால் முட்டிகள் விலகி, கால்கள் வில்லாக வளைந்திருக்கும். வால்கஸில் ஒரு "ல்" இருக்கிறது, வெளிப்பக்கம் என்று பொருள்படும் லேட்டரலிலும் "ல்" இருக்கிறது, இப்படி நினைவு வைத்துக்கொள்ளலாம். அகராதியைத் திறந்து சரிபார்க்கப் போனால்தான் குழப்பம் கூடும், ஏனென்றால் பழைய லத்தீனில் வால்கஸ் என்பது வில்லாக வளைந்த காலையும், வேரஸ் என்பது உள்நோக்கி வளைந்ததையும் குறித்தது. மருத்துவம் அதைத் தலைகீழாக்கிவிட்டது. மூலப் பொருள் கைகொடுக்காத அபூர்வமான இடம் இது, இங்கே மட்டும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

பட்டெல்லா பெண்பால் என்பதால் அதற்கு வருகிற அடைகளும் "ஆ" என்றே முடியும். பட்டெல்லா பைபார்ட்டிட்டா, இரண்டாகப் பிரிந்த சில்லு. வளரும்போது ஒரு துண்டு, பெரும்பாலும் மேல் வெளிமூலை, மற்றதோடு சேராமல் நின்றுவிடுவது, எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு மாதிரி தெரியும். பட்டெல்லா ஆல்டா, மேலே ஏறி இருக்கிற சில்லு. இதற்கு எதிர்ப்பதமாக பட்டெல்லா பாஹா என்பார்கள், அங்கே பாஹா லத்தீன் இல்லை, ஸ்பானிஷ். லத்தீனாகவே வேண்டும் என்பவர்கள் பட்டெல்லா இன்ஃபெரா என்று எழுதுகிறார்கள். ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, 1971-இல் இன்சால், சால்வாட்டி இருவரும் சொன்ன விகிதத்தைப் பயன்படுத்துகிறார்கள்: லிகமென்டின் நீளத்தைச் சில்லின் நீளத்தால் வகுத்தால் 1.2-க்கு மேல் போனால் ஆல்டா, 0.8-க்குக் கீழே வந்தால் பாஹா.

இன்னொரு அழகான நுணுக்கம். டிபியாலிஸ், ஃபெமோராலிஸ் என்றெல்லாம் "ஆலிஸ்" வால் வரும்போது பட்டெல்லாவுக்கு மட்டும் ஏன் பட்டெல்லாரிஸ்? சொல்லுக்குள் ஏற்கெனவே "ல்" இருந்தால், இன்னொரு "ல்" வந்து நாக்கு தடுமாறுவதைத் தவிர்க்க லத்தீன் அதை "ர்" ஆக்கிவிடும். பட்டெல்லாரிஸ், ஃபிபுலாரிஸ், ஆர்ட்டிகுலாரிஸ் எல்லாம் இப்படித்தான். அப்படியானால் லேட்டராலிஸ்? அங்கேயும் முதலில் "ல்" இருக்கிறதே என்று கேட்கலாம். நடுவில் ஒரு "ர்" ஏற்கெனவே வந்துவிட்டதால் மாற்றத் தேவையில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் பேசியவர்களின் நாக்கு எப்படிப் புரண்டது என்பது இன்றைய ஸ்கேன் அறிக்கையில் பதிவாகி இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

லத்தீன் எங்கே, கிரேக்கம் எங்கே

பொதுவாக உறுப்பின் பெயர் லத்தீனில் இருக்கும், நோயின் பெயரும் அறுவை சிகிச்சையின் பெயரும் கிரேக்கத்தில் இருக்கும். முழங்கால் ஜெனு, ஆனால் முழங்கால் மூட்டுத் தேய்மானம் கோனார்த்ரோசிஸ், முழங்கால் வலி கோனால்ஜியா. கோனு முழங்கால், ஆர்த்ரோன் மூட்டு, ஆல்கோஸ் வலி. ஜெனுவும் கோனுவும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்பதால் சாயல் தெரியும். பலகோணத்துக்குச் சொல்கிற பாலிகானில் உள்ள "கோன்" மூலை என்று பொருள்படும் கோனியா, அதுவும் இந்த உறவுதான். கோனட் என்ற இனப்பெருக்க உறுப்பின் பெயரில் உள்ள "கோன்" மட்டும் வேறு, அது விதை, பிறப்பு என்ற பொருளிலிருந்து வந்தது, முழங்காலோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். சில்லை எடுத்துவிடுகிற அறுவைக்கு பட்டெல்லெக்டமி, இது பாதி லத்தீன் பாதி கிரேக்கம். மெனிஸ்கெக்டமி முழுக்கக் கிரேக்கம், மேனே நிலவு, மெனிஸ்கோஸ் சின்ன நிலவு, பிறை வடிவத்தில் இருக்கிற குருத்தெலும்பு.

ஜெனு முழங்காலோடு நிற்பதுமில்லை. வளைந்து மடங்குகிற எதையும் உடற்கூறியலில் ஜெனு என்பார்கள். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கிற கார்பஸ் கல்லோசத்துக்கு ஒரு ஜெனு உண்டு, முகநரம்பு காதுக்குப் பக்கத்தில் திரும்புகிற இடத்துக்கும் உண்டு. பார்வைத் தகவலைக் கடத்துகிற மூளைப் பகுதி ஒன்றுக்கு கார்பஸ் ஜெனிகுலாட்டம் லேட்டராலே என்று பெயர். பின்னாலிருந்து படித்தால் வெளிப்பக்கத்து, குட்டி முழங்கால் போல மடங்கிய, திரள்.

பெயர் மாற்றத்தால் வருகிற குழப்பம் ஒன்று உண்டு. கீழ்க்காலின் மெல்லிய எலும்பு ஃபிபுலா, அதே ஊசிக் கொக்கிக்குக் கிரேக்கத்தில் பெரோனே. அதனால் பக்கத்திலுள்ள நரம்பைப் பழைய புத்தகங்கள் பெரோனியல் என்றன. 1895-இல் பாசல் நகரில் உடற்கூறியல் பெயர்களுக்கான முதல் பொதுப்பட்டியலும், 1955-இல் பாரிஸ் பட்டியலும் வந்தன. 1998-இல் வெளியான பட்டியல் ஃபிபுலார் என்பதை முதலில் வைத்தது. உடலின் வேறு பகுதியைக் குறிக்கிற பெரினியல் என்ற சொல்லோடு குழம்பிவிடக் கூடாது என்பது இதற்கு ஒரு நல்ல காரணம். அறிக்கையில் பெரோனியல், புத்தகத்தில் ஃபிபுலார் என்று இருந்தால் இரண்டும் ஒரே நரம்பு. டிபியா என்ற சொல்லுக்கும் இரண்டு பொருள் உண்டு, ரோமானியர்களுக்கு அது குழலிசைக் கருவியும்கூட.

மிச்சப் படங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சார்டோரியஸ் தையல்காரர் தசை, சம்மணமிட்டு உட்கார உதவுவது. கிராசிலிஸ் ஒல்லியானது. வாஸ்டஸ் பெரியது, பரந்தது. இவற்றில் சார்டோரியஸும் கிராசிலிஸும், கூடவே தொடையின் பின்பக்கத்துத் தசையான செமிடெண்டினோசஸும் டிபியாவின் உட்பக்கத்தில் வந்து சேருகிற இடம் பெஸ் அன்செரினஸ், வாத்தின் பாதம். பெஸ் ஆண்பால், அதனால் அன்செரினஸ்.

இனி நீங்களாக ஒன்றைச் செய்து பாருங்கள். ரெட்டே ஆர்ட்டிகுலாரே ஜெனுஸ். ரெட்டே என்றால் வலை, ஒன்றன்பால், அதனால்தான் ஆர்ட்டிகுலாரே. பின்னாலிருந்து: முழங்காலின், மூட்டைச் சேர்ந்த, வலை. மூட்டைச் சுற்றிப் பின்னிக் கிடக்கிற ரத்தக்குழாய்களுக்கு இந்தப் பெயர். அடுத்தது மஸ்குலஸ் ஆர்ட்டிகுலாரிஸ் ஜெனுஸ். இரண்டு சொற்கள் அப்படியே, முதல் சொல் ஆண்பாலானதும் "ரே" "ரிஸ்" ஆகிவிட்டது. முழங்காலின் மூட்டுத் தசை. தொடை எலும்பின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் சின்னத் தசை இது, காலை நீட்டும்போது பர்ஸா சுப்ராபட்டெல்லாரிஸை மேலே இழுத்து மூட்டுக்குள் நசுங்காமல் காக்கிறது. அந்த பர்ஸா எங்கே இருக்கும் என்று பெயரே சொல்லிவிடுகிறது.